ஒரே மேசையில் ஐந்து கடைச் சாப்பாடு

புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்துக்குப் போகிறோம்; பல சிறு கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. பன்னிரண்டு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் இடம் எளிதில் கிடைக்கும். அரை மணி நேரம் தாமதித்துவிட்டால், காலியான மேசை கண்ணில் பட்டவுடன் ஒருவர் டிஷ்யூ பொட்டலத்தை வைத்துச் ‘சோப்’ செய்ய, அதாவது இடம் பிடிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் வரிசை தேடிப் பிரிவோம். மலாய் நண்பர் ஹலால் கடையில் மட்டுமே வாங்குவார். சீன நண்பர் நேராக வாத்துச் சோற்றுக் கடைக்குப் போவார். ஓய்வு வயதை நெருங்கும் சீன அம்மையார் ஒருவர், சீன நாள்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் மட்டுமே உண்பவர்; அந்த நாள்களில் தோசைக் கடை வரிசையில் நிற்பார். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது. பெரும்பாலும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்குவேன். ஐந்தாமவர் சென்ற ஆண்டு திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த தம்பி. வாரத்துக்கு ஒரு கடை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுப் பார்க்கிறார்.

அவர் முதன்முதலாக எங்களுடன் வந்த அன்று, தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றுகொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, வேற வேற கடையில வாங்கிட்டு வந்து இங்க உட்காந்தா கடைக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

அந்தக் கேள்வி எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் ஊரில் கையேந்தி பவனில் சாப்பிட்டால் மேசையே கிடையாது. ஹோட்டலுக்குள் போனால் மேசை அந்த ஹோட்டலுக்குச் சொந்தம், அங்கே வேறு கடைப் பொட்டலத்தைப் பிரித்தால் யாராவது வந்து கேட்பார்கள் என்று அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இங்கே இந்த மேசை எந்தக் கடைக்கும் சொந்தமில்லை என்று சொன்னேன். பிறந்ததிலிருந்து இந்த மேசைகளில் சாப்பிட்டு வளர்ந்த நான், அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அதன் பிறகு இந்த மேசையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரின் மலிவான சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தட்டைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கோ, தட்டு மலிவாக இருப்பதற்கும், அதில் பல இனங்களின் கைமணம் கலந்திருப்பதற்கும், மேசை பொதுவாக இருப்பதுதான் காரணம் என்று படுகிறது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். கடைக்காரருக்கு வேண்டியது ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, பொருள் அடுக்க ஓர் அலமாரி, வாடிக்கையாளர் எதிரே நிற்க ஓர் அகலம். அவ்வளவு சிறிய இடம்தான் அவருடையது. உட்காரும் இடமும் கழிப்பறையும் வடிகாலும் கூரையும் எல்லோருக்கும் பொது. மேசை துடைப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் ஆகும் செலவைக் கடைக்காரர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பரிமாறும் ஆள் வேண்டாம். வாங்குகிறவரே தூக்கிக்கொண்டு போகிறார், 2021 செப்டம்பரிலிருந்து சட்டப்படி அவரே தட்டைத் திருப்பியும் வைக்கிறார். அப்படி மிச்சமாகும் காசுதான் தட்டின் விலையில் தெரிகிறது.

கலப்புக்கும் இதே மேசைதான் வழி செய்தது. எங்கள் ஐவருக்கும் பொருந்துகிற ஒரே உணவகத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்தாலும் அது சைவமும் ஹலாலுமான விலை கூடிய இடமாக இருக்கும், வாத்துச் சோறு நண்பர் முகம் வாடிவிடும். பொது மேசையில் யாரும் யாருக்காகவும் தம் விரதத்தையோ விலக்கையோ தளர்த்த வேண்டியதில்லை. ஹலால் கடைத் தட்டுகளுக்கும் மற்றக் கடைத் தட்டுகளுக்கும் திருப்பி வைக்கும் அலமாரிகள்கூடத் தனித்தனி. தட்டுகள் கலக்காமல் இருப்பதால்தான் ஆள்கள் நிம்மதியாகக் கலந்து உட்கார முடிகிறது.

இந்த மேசைகள் வானத்திலிருந்து விழவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலையில்லாமல் தவித்த ஏராளமானோர் தள்ளுவண்டியும் தோள்காவடியுமாகத் தெருவில் இறங்கிச் சோறும் மீயும் விற்றார்கள். அவர்களை என்ன செய்வது என்று ஆராய 1950இல் ஒரு விசாரணை ஆணையமே அமைக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரே வாளியில் பாத்திரம் கழுவியதும், கழிவைச் சாக்கடையில் கொட்டியதும் வாந்திபேதி, குடற்காய்ச்சல் அச்சத்தை எந்நேரமும் நிலவச் செய்தன. 1968-69இல் நாடு முழுவதும் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை, குழாயும் மின்சாரமும் வடிகாலும் உள்ள நிலையங்களைக் கட்டி, அவர்களை அவற்றுக்குள் குடியேற்றினார்கள். தெருவைத் தூய்மையாக்குவதுதான் அந்த வேலையின் முதல் நோக்கம். ஆனால் தெருவில் அக்கம்பக்கமாக நின்ற வியாபாரிகளை இனவாரியாகப் பிரிக்காமல் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததால், நடைபாதையில் தற்செயலாக இருந்த அண்டைமை நிலைத்த அண்டைமை ஆனது.

தேக்கா என்ற பெயரே அதற்குச் சாட்சி. இந்த வட்டாரத்தின் பழைய சந்தை 1915இல் கட்டப்பட்டது. மலாயில் ‘காண்டாங் கெர்பாவ்’, அதாவது எருமைக் கொட்டில், என்பது அதன் பெயர். ஹொக்கியன் பேசிய சீனர்கள், சிறு மூங்கில்களின் அடிவாரம் என்ற பொருளில் ‘தேக் கியா கா’ என்றார்கள். அதுவே தமிழர் வாயில் தேக்காவாகி, இன்று சிராங்கூன் சாலை வட்டாரம் முழுவதையும் குறிக்கத் தமிழர் புழங்கும் சொல்லாகிவிட்டது. இப்போதைய கட்டடம் 1982இல் ‘சூஜியாவ்’ என்ற மாண்டரின் பெயருடன் திறக்கப்பட்டது. மக்கள் அந்தப் பெயரைக் கடைசிவரை ஏற்கவில்லை. 2000இல் அரசாங்கமே அதைத் தேக்கா என்று மாற்றியது. ஒரு சீனச் சொல்லைத் தமிழர்கள் தங்கள் ஊர்ப்பெயராக எடுத்துக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் குளிரும்.

நான் வாங்கும் மீ கோரெங் தட்டைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கடைக்காரருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. பெயர் கேட்டதில்லை, நான் “பாய்” என்பேன், அவர் “தம்பி” என்பார், என் தலை நரைத்த பிறகும். அகன்ற இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டு, அரைத்த மிளகாய்ச் சாந்தை முதலில் போடுவார்; அந்த நெடி எழுந்ததும் வரிசையில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவித்த உருளைக்கிழங்குத் துண்டும் பொரித்த தாவ்குவா என்ற சோயாக் கட்டியும் கீரையும் விழும். பிறகு மஞ்சள் மீயைக் கையால் அள்ளி உதறிப் போட்டு, தக்காளிக் குழம்பும் கிச்சாப் என்ற சோயாச் சாஸும் ஊற்றி, சட்டியின் ஓரத்தில் முட்டையை உடைத்து, அது பாதி வேகும்போது மீயை அதன்மேல் புரட்டுவார். சட்டுவம் சட்டியில் இடிக்கும் ஓசை ஒரே தாளத்தில் இருக்கும். ஓசை நிற்கும் நொடியில் தீயைக் கூட்டுகிறார் என்று பொருள். அப்போதுதான் மீயின் விளிம்பு லேசாகக் கருகி அந்த வாசனை வரும். மேலே வெள்ளரித் துண்டும் ஓரத்தில் ஒரு கரண்டி தக்காளிச் சாஸும் வைத்துத் தள்ளிவிடுவார்.

இதைத் தமிழ்நாட்டில் தேடினால் கிடைக்காது. திருச்சித் தம்பிக்கு இதுதான் பெரிய வியப்பு. “நம்ம ஆளு செய்யுறாரு, ஆனா நம்ம ஊர்ல இல்லையே” என்றார். மஞ்சள் மீ ஹொக்கியன் சீனர்களுடையது, கோரெங் என்றால் மலாயில் வறுவல், தாவ்குவாவும் கிச்சாப்பும் சீனர் கடையிலிருந்து வந்தவை, பாட்டில் சாஸ் ஆங்கிலேயர் மேசையிலிருந்து இறங்கியது, மிளகாய்ச் சாந்தை வதக்கும் கை தமிழ் முஸ்லிமின் கை. யாரோ ஒரு பாயின் கடைக்குப் பக்கத்தில் ஒரு சீனர் மீ விற்றிருக்கிறார். அது மலிவாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருந்திருக்கிறது. எதிரே நின்ற வாடிக்கையாளருக்கு மீ பிடித்திருக்கிறது. இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். பெரிய ஹோட்டல் சமையல்காரர்கள் இன்று விலை கூட்டி விற்கும் கலப்புச் சமையல், இங்கே சிக்கனத்தால் பிறந்தது.

மீன்தலைக் கறியின் கதை இன்னும் தெளிவாகவே தெரியும். எம்.ஜே. கோமஸ் என்ற கேரளத்துக்காரர் 1949 வாக்கில் தம் உணவகத்தில், மீன்தலையைச் சீனர்கள் விரும்பி உண்பதைக் கவனித்து, அதைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டார்.  இன்று சீனர் கடைகளிலும் அது மண்சட்டியில் கொதித்துக்கொண்டே வருகிறது. ஆங்கிலேயர் வீடுகளில் சமையல் வேலை பார்த்த ஹைனான் சீனர்கள், அங்கே கற்ற வறுத்த பன்றிக்கறித் துண்டை வெள்ளைச் சோற்றில் வைத்து, மேலே கறிக் குழம்பை ஊற்றி ‘ஹைனான் கறிச் சோறு’ ஆக்கினார்கள். நம் இடியாப்பம் மலாய்க்காரரிடம் புட்டு மாயாம் ஆகி, தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தொட்டு உண்ணும் பலகாரமானது.

ரோஜாக் என்ற சொல்லுக்கு மலாயில் கலவை என்று பொருள். சீன ரோஜாக்கில் அன்னாசியும் வெள்ளரியும் பொரித்த மாவுக்குச்சியும் கறுத்த இறால் சாந்தில் புரண்டு, பொடித்த கடலை தூவி வரும். இந்திய ரோஜாக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய வடையையும் உருளையையும் புளிக்கவைத்த சோயாக் கட்டியான தெம்பேயையும் நாமே பொறுக்கிக் கொடுக்க, அவர் மீண்டும் எண்ணெயில் போட்டெடுத்து, வெட்டி, இனிப்பும் காரமுமான சிவந்த குழம்போடு தருவார். பெயர் ஒன்று, பண்டம் இரண்டு. இரண்டும் ஒரே நிலையத்தில் விற்கும்.

பானக் கடை வரிசையில் நிற்கும்போது மொழியைக் கேட்க வேண்டும். ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காப்பி வரும். கோப்பி மலாய், ஓ ஹொக்கியனில் கறுப்பு, கோசோங் மலாயில் வெறுமை. இதே கோசோங்கைப் பராட்டாக் கடையிலும் கேட்கலாம். முட்டையோ வெங்காயமோ இல்லாத வெறும் பராட்டா என்று பொருள். பராட்டா மாவை வீசிப் போடும் தமிழரும், அதைக் கேட்கும் சீனப் பாட்டியும், இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மலாய்ச் சொல்லால் நொடியில் புரிந்துகொள்கிறார்கள். “பராட்டா கோசோங் ரெண்டு, தே ஹாலியா ஒண்ணு” என்று இஞ்சித் தேநீரும் சேர்த்து நான் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் தமிழுக்கு மிஞ்சுவது எண்கள் மட்டுமே. ஆனாலும் அதைத் தமிழ் என்றுதான் நான் சொல்வேன்.

2020 டிசம்பர் 16ஆம் தேதி யுனெஸ்கோ, சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இந்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் மரபு அதுதான். பல பண்பாடுகள் வாழும் நகரில் கூடி உண்ணுதலும் சமையல் வழக்கங்களும் என்று அந்தப் பதிவின் தலைப்பே சொல்கிறது. கூடி உண்ணுதலைத் தலைப்பிலேயே வைத்தவர் யாரோ, மேசையைச் சரியாகக் கவனித்திருக்கிறார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2016இல், இரண்டு உணவங்காடிக் கடைகள், சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிச்சலின் நட்சத்திரம் பெற்று உலகச் செய்தியாயின. அந்தப் பெருமையில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் நட்சத்திரம் ஒரு கடைக்குப் போகிறது; நூற்றுப்பத்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் அதிகாலை நான்கு மணிக்கு வெங்காயம் உரிக்கிறவர்கள் அதில் தெரிவதில்லை.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். நான் மாணவனாக இருந்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், மீ கோரெங் ஒரு தட்டு 2 வெள்ளி, அதாவது 2 சிங்கப்பூர் டாலர். இப்போது நான் 5 வெள்ளி கொடுக்கிறேன். இந்த இடைவெளியில் என் சம்பளமும் வீட்டின் விலையும் எவ்வளவு ஏறின என்று பார்த்தால், தட்டின் விலை பின்தங்கித்தான் வந்திருக்கிறது. அந்தப் பின்தங்கலை யாரோ ஒருவர் தோளில் சுமந்திருக்கிறார். பாய் தம் கடையில் விலையை 50 காசு ஏற்றிய வாரம், அட்டையில் கையால் எழுதி ஒட்டிய அறிவிப்பில் மன்னிப்புக் கேட்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவர், நல்ல சட்டையும் அலுவலக அட்டையும் அணிந்தவர், “இதுவும் ஏத்தியாச்சா” என்று முகம் சுளித்தார். அதே மனிதர் குளிர்சாதனக் கடையில் 7 வெள்ளிக் காப்பியைக் கேள்வி கேட்காமல் வாங்குவார் என்று எனக்குத் தோன்றியது. அன்று நான் ஏதும் சொல்லாமல் நின்றது இன்றும் உறுத்துகிறது.

மலிவு என்பது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. வேலையிடத்திலிருந்து வரும் கட்டுமானத் தொழிலாளியும், தனியாக வாழும் முதியவரும், பள்ளிச் சீருடையில் வரும் பிள்ளையும் வயிறாரச் சாப்பிட இந்த இடம் ஒன்றுதான் இருக்கிறது. குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டில் ஒரு பகுதியை உணவங்காடிக் கடைகளில் செலவிடலாம் என்று வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. உதவி வாங்குபவர் கைக்கும் போகிறது, விற்பவர் கல்லாவுக்கும் போகிறது. நான் சொல்வது வேறு. கொடுக்க முடிந்தவர்கள் 50 காசுக்கு முகம் சுளிக்கக் கூடாது. சமைப்பவர் வாழ முடியாத விலையில் வரும் சோற்றை மலிவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாடகை இன்னொரு சுமை. தெருவிலிருந்து இடம் பெயர்ந்த முதல் தலைமுறையினர் கடைகளைச் சலுகை வாடகையில் பெற்றார்கள். புதியவர்கள் ஏலத்தில் கேட்க வேண்டும். 2024இல் ஒரு நிலையத்தில் ஒரே ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் கேட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, எங்கள் மேசையில் அன்று வேறு பேச்சே இல்லை. எல்லாக் கடைகளும் அப்படியில்லை, பல கடைகள் மிகக் குறைந்த தொகைக்கே போகின்றன. 2012இலிருந்து குறைந்தபட்சக் கேள்வித்தொகை என்பதும் இல்லை. ஆயினும் ஒரு நாளைக்கு எத்தனை தட்டு விற்றால் 10,000 வெள்ளி கட்டுப்படியாகும் என்று சீன அம்மையார் டிஷ்யூ தாளின் மேல் கணக்குப் போட்டுக் காட்டியபோது, யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

பாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் படித்து அலுவலக வேலையில் இருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சட்டிமுன் நின்றேன் என்று அவர் பெருமையாகச் சொல்வார். கடைக்கு வாரிசு இல்லை என்பதை அதே மூச்சில் சொல்வார். உதவிக்கு ஆள் வைக்கலாம் என்றால், வேலை அனுமதிச் சீட்டில் வரும் வெளிநாட்டு ஊழியரை உணவங்காடிக் கடையில் வைக்க விதி இடம் தராது. 2025 ஜனவரியிலிருந்து, நீண்டகால வருகை அட்டையுடன் இங்கே குடும்பமாக வாழ்பவர்களை உதவியாளராகச் சேர்க்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதன்படி, சிங்கப்பூரரை மணந்து ஜாவாவிலிருந்து வந்த ஒரு பெண் சில மாதங்களாக அவர் கடையில் இருக்கிறார். முதலில் வெள்ளரி வெட்டினார், பிறகு காசு வாங்கினார். பாய் அவரிடம் மலாயில் பேசுவார். அவசரத்தில் தமிழ் கலந்துவிடும். “சிகிட் லாகி (இன்னும் கொஞ்சம்), போதும் போதும்” என்று அவர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை சட்டுவம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. பாய் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தாளம் வேறாக இருந்தது, கொஞ்சம் மெதுவாக. தீயைக் கூட்டும் இடத்தில் மட்டும் ஓசை சரியாக நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்து முதல் வாய் வைத்தபோது, காரம் அதே காரம்தான், ஆனால் அடியில் மெல்லிய இனிப்பு ஒன்று தெரிந்தது. ஜாவாக்காரர்கள் சமையலில் சேர்க்கும் இனிப்புக் கிச்சாப். சந்தேகம் தீர மலாய் நண்பரிடம் ஒரு கரண்டி எடுக்கச் சொன்னேன். ஹலால் கடைத் தட்டுத்தானே. அவர் சுவைத்துவிட்டுத் தலையாட்டினார்.

தட்டைத் திருப்பி வைக்கப் போகும் வழியில் கடைமுன் நின்றேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். “இனிப்பு தெரியுதா தம்பி?” என்றார். தெரிகிறது என்றேன். “நானும் பாத்தேன். ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருக்கு, இல்ல?” என்று கேட்டுவிட்டு, அடுத்த தட்டுக்கு மீயை உதறிக் கொடுக்க எழுந்தார்.